வெண்டிக்காய்க் கடுதாசி

ரண்டர்ஸ்
டென்மார்க், 19.01.2025

நிதர்சனுக்கு,

போனிலை உங்களிட்டை இருந்து "ஓம்" எண்டதைத் தவிர ஒண்டும் வருகுதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் ஓம், காய்ச்சல் மாறீட்டுது எண்டாலும் ஓம். நான் உங்களோடை கதைக்கத் தொடங்கினால் அம்மாவும் பக்கத்திலை வந்து குந்தியிருந்து அழுறா. அதுதான் எழுதுறன். இனி நான் போன் எடுக்கவும் மாட்டன், நீங்கள் எடுத்தால் தூக்கவும் மாட்டன். கடுதாசியிலை ஓம் எண்டு மட்டும் எழுதி முத்திரை ஒட்ட உங்களுக்கே வெக்கமாயிருக்கும்.

சுபா போய் நாலு மாதமாகுது. என்ரை தங்கச்சியை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனா கயலை ஞாபகப்படுத்தவேணும் போலை கிடக்கு. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் எண்டுதான் பிள்ளையை எங்களிட்டை விட்டனீங்கள். பிறகு மார்கழி நத்தார் வரைக்கும் எண்டியள். இப்ப ஒண்டும் சொல்லுறியளில்லை. ரண்டு கிழமை கடல்லை காத்தாடி மின்சாரக் கோபுரத்திலை ஏறி நிக்கிறியள், சரி, அது வேலை. கரையிலை நிக்கிற மற்ற ரண்டு கிழமையிலை ஒருநாள் வாறியள். சோபாவிலை இருந்து பிள்ளையின்ரை தலைக்கு மேலாலை ரீவியைப் பாக்கிறியள். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போறியள்.

இங்கத்தைப் பாலர் பள்ளியிலை கோடைக்கு இடம் இருக்காம். அதுக்குப் பிள்ளையின்ரை விலாசத்தை ரண்டர்ஸுக்கு மாத்தவேணும், தகப்பன் சம்மதிக்கவேணும் எண்டு கொமூன் நகரசபையிலை சொல்லுறாங்கள். என்ரை கேள்வி ஒண்டுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியளோ, எங்களிட்டை விடுறியளோ? சித்திரை முடியமுதல் சொல்லுங்கோ.

பிள்ளை தலை இழுக்க விடுறாளில்லை. சீப்பைக் கண்டாலே வீடதிரக் கத்துறாள். சுருட்டைமயிர் முழுக்கச் சிக்குப் பிடிச்சுக் குருவிக்கூடு மாதிரிக் கிடக்கு. ஒட்ட வெட்டுவம் எண்டு அம்மா சொல்லுறா. அதுக்கும் ஓம் தானோ?

இன்னொண்டு. சுபான்ரை மெயிலைப் பாத்தன். யூகி எண்டு ஒரு ஜப்பான்காரி எழுதியிருக்கிறா. உங்கடை எஸ்பியர்க் துறைமுகத்திலை ஜப்பான் முறையிலை கையாலை கடுதாசி செய்யப் பழக்கிறாவாம். சுபா ஆவணியிலையே ரண்டு பேருக்குப் பதிஞ்சு வைச்சிருக்கிறாள், தனக்கும் உங்களுக்கும். நீங்கள் கரையிலை நிக்கிற சனிக்கிழமைகளாப் பாத்து எடுத்திருக்கிறாள். வேண்டாமெண்டால் நீங்களே அவவுக்கு எழுதுங்கோ. என்னாலை ஏலாது.

துவாரகா


எஸ்பியர்க்
03.02.2025

மதிப்புக்குரிய மச்சாள் அவர்கட்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். மாமியும் பிள்ளையும் நலமாக இருப்பார்கள் என நினைக்கிறேன்.

கடுதாசி வகுப்புக்கு வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் போனேன்.

அது பழைய மீன் பொதி செய்யும் கட்டடம். பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஜப்பானில் வளரும் ஒரு செடியின் பட்டையைச் சாம்பல் உப்பில் அவித்து வைத்திருந்தார்கள். அதைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விரித்து, கறுப்புப் புள்ளிகளையும் முடிச்சுகளையும் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் அதுதான் வேலை. பிறகு மரச் சுத்தியலால் அடித்து நாராக்க வேண்டும். கை மரத்துப் போகும். எனக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை.

மேசைகளில் பெயர் எழுதிய அட்டைகள் இருந்தன. என்னுடைய அட்டைக்குப் பக்கத்தில் சுபாஜினி என்று இருந்தது. யூகி வந்து, "மற்றவர் பிந்தி வருவாரா?" என்று டெனிஷில் கேட்டார். நான் ஓம் என்றேன். பின்னேரம் வரை அந்த இடத்தில் யாரும் இருக்கவில்லை. சுபாவுக்குரிய பட்டையையும் நானே சுத்தம் செய்தேன்.

தங்கள் கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். தலைமயிரை வெட்டுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
நிதர்சன்


ரண்டர்ஸ்
11.02.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

"ஆட்சேபனை இல்லை"யாம்! கோட்டிலை தீர்ப்பு வாசிக்கிறியளோ? சுபா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பிறிட்ஜிலை ஒட்டி வைச்சு வாறவை போறவைக்கெல்லாம் காட்டியிருப்பாள். ஊரிலை ஒழுங்காத் தமிழ் படிச்ச ஆள் எண்டு தெரியும். எனக்கு அது தேவையில்லை. கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. கதைக்க வராட்டில் ஏசியாவது எழுதுங்கோ.

கத்தரிக்கோலோடை போனன். அவள் ஓடிப்போய் அலுமாரிக்குள்ளை பூந்து கதவை உள்ளுக்காலை பிடிச்சுக்கொண்டு நிண்டாள். அம்மா வெளியிலை நிண்டு, "வாடி ராசாத்தி, சொக்கிலேற் தாறன்" எண்டு கெஞ்சுறா. உள்ளுக்கிருந்து டெனிஷிலை பதில் வருகுது: "பொய்! உன்ரை கையிலை ஒண்டுமில்லை, நான் ஓட்டையாலை பாத்தனான்!" அம்மாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் நிலத்திலை இருந்து சிரிச்சன். சிரிச்சு முடியேக்கை அழுதுகொண்டிருந்தன். வெட்டேல்லை.

இப்ப ஒரு புது விளையாட்டு விளையாடுறாள். பொம்மையளை வரிசையாக் கிடத்தி, குசினித் துவாயளைக் கொண்டுவந்து போர்த்துவிட்டு, ஆரும் கிட்டப் போனால் வாயிலை விரலை வைச்சு "ஷ்ஷ்" எண்டுறாள். இந்த வீட்டிலை பாத்திரம் துடைக்க ஒரு துவாய் இல்லை.

மற்றவர் வருவாரோ எண்டு கேட்டதுக்கு ஓம் எண்டனீங்களோ? அந்தப் பிள்ளை யூகி பாவம். எனக்கு உங்களிலை கோவம்தான் வந்தது. பிறகு கனநேரம் அந்த வரியையே பாத்துக்கொண்டிருந்தன்.

நேராக் கேக்கிறன். பிள்ளையைக் கண்டால் உங்களுக்கு என்ன செய்யுது? ஏன் அவளின்ரை முகத்தைப் பாக்கிறியளில்லை?

துவாரகா


எஸ்பியர்க்
02.03.2025

துவாரகாக்கா,

கதைக்கிற மாதிரி எழுதச் சொன்னனீங்கள். வருமோ தெரியேல்லை.

இந்தத் தாள் ஏன் இப்பிடிக் கட்டிகட்டியாக் கிடக்கு எண்டு யோசிப்பியள். அதைத்தான் முதல் சொல்லவேணும்.

அடிச்ச நாரைத் தொட்டித் தண்ணியிலை கலந்து, அதுக்குள்ளை ஒரு வழுவழுத்த சாறு விடவேணும். அதுதான் நாரைத் தண்ணியிலை மிதக்க வைக்கிறது. பிறகு மூங்கில் சல்லடையாலை அள்ளி ஆட்டினால் மெல்லிசா ஒரு தாள் படியும். அந்த ஈரத்தாளை எடுத்து முதல் செய்த ஈரத்தாளுக்கு மேலையே போடுவினம். இடையிலை துணி ஒண்டும் வைக்கிறதில்லை. ஒண்டுக்கு மேலை ஒண்டாப் போட்டு நசுக்கித் தண்ணியை எடுப்பினம். அடுத்தநாள் பாத்தால் ஒவ்வொண்டாக் கழண்டு வருமாம். சாறு சரியா இருந்தால்தான் அப்பிடி வரும். அந்தச் சாறு எடுக்கிற தூள் யூகிக்கு வந்து சேரேல்லை. அது வெண்டிக்காய்க்குச் சொந்தமான ஒரு செடியின்ரை வேராம். வெண்டிக்காயிலையும் செய்யலாம் எண்டாள். எல்லாரும் என்னைப் பாத்தினம். நான் கொண்டுவாறன் எண்டன்.

யேசுரட்ணம் அண்ணையின்ரை கடையிலை இருந்த முழுப் பெட்டியையும் வாங்கினன். "என்ன தம்பி, ஆர் வீட்டிலை கலியாணம்?" எண்டு கேட்டுப்போட்டு, பிறகு ஆரோடை கதைக்கிறன் எண்டு விளங்கி, ஒரு கட்டு வல்லாரையைச் சும்மா உள்ளுக்குப் போட்டுவிட்டார். கடுதாசி செய்ய எண்டு சொன்னன். அவர் நம்பேல்லை. எனக்கு மூளை பிசகீட்டுது எண்டு இப்ப எஸ்பியர்க் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.

வீட்டை கொண்டுவந்து, ஹோல் மேசையிலை பேப்பரை விரிச்சு வைச்சு வெட்டினன். குசினிக்குள்ளை நான் போறதில்லை அக்கா. அந்த நாளிலையிருந்து போறதில்லை. கேத்திலும் மைக்ரோவேவும் ஹோலிலைதான் கிடக்கு. வெண்டிக்காயைக் கழுவி, ஒவ்வொண்டாத் துடைச்சு, வெட்டி, தேசிக்காய் பிழிஞ்சு விட்டுக் கிளறி மூடி வைச்சன். ஒண்டும் யோசிக்கேல்லை. கை தன்பாட்டிலை செய்தது. நான் நிக்கிற கிழமைகளிலை சுபா எனக்குத் தாற வேலை அது. "நல்லாத் துடையுங்கோ, தேசிப்புளி விடுங்கோ, அப்பத்தான் கொழகொழப்புப் போகும்" எண்டு பின்னாலை நிண்டு சொல்லுவாள்.

விடிய அதை அவிச்சு வடிச்சுத் தொட்டியிலை விட்டம். நாரெல்லாம் கட்டிகட்டியா அடியிலை இருந்திட்டுது. அப்பிடியும் அள்ளினம். நசுக்கிப்போட்டுப் பிரிச்சால் ஒரு தாளும் கழறேல்லை. பதினொரு பேரின்ரை வேலையும் ஒரே பலகையா ஒட்டிப்போச்சு. யூகி சாத்தை விரலாலை தொட்டு நக்கிப் பாத்தாள். "புளிக்குது! இதுக்குள்ளை என்ன விட்டனீ?" எண்டு கத்தினாள். பிறீபன் எண்டு ஒரு ஓய்வெடுத்த மின்சாரக்காரர் இருக்கிறார். "இஞ்சினியரை நம்பினால் இப்பிடித்தான்" எண்டார். எல்லாரும் சிரிச்சினம். நான், "என்ரை மனிசிதான் அப்பிடி விடச் சொல்லித் தந்தவ" எண்டன். "அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வா, நான் ஏசவேணும்" எண்டாள் யூகி.

அப்பதான் சொன்னன். அவ செத்துப்போனா எண்டு. வாயாலை அந்தச் சொல்லை நான் ஒருதருக்கும் சொல்லியிருக்கேல்லை. எல்லாருக்கும் நீங்கள்தானே சொன்னனீங்கள்.

பிறீபன் போய்க் கோப்பி கொண்டுவந்து வைச்சார்.

பலகையின்ரை மேல்தோலைச் சுரண்டி எடுத்ததுதான் இந்தத் தாள்.

நீங்கள் கேட்டதுக்குப் பதில். சுபா குசினியிலை விழுந்து, பக்கத்து வீட்டு மனிசி கதவைத் திறக்கும் வரைக்கும் கயல் அவளுக்குப் பக்கத்திலை இருந்தவள். நான் கடல்லை நிண்டன். கடைசியா என்ன நடந்தது, சுபா ஏதும் சொன்னவளோ, என்னைக் கூப்பிட்டவளோ எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் அந்தப் பிள்ளை. அவளின்ரை முகத்தைப் பாத்தால் நான் அதைக் கேட்டுப்போடுவன். நாலு வயசுப் பிள்ளையிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? கேக்காமல் எப்பிடி ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிறது?



நிதர்சன்


ரண்டர்ஸ்
14.03.2025

நிதர்சன்,

உங்கடை கட்டித் தாளை வைச்சுக்கொண்டு ஒரு கிழமையா இருக்கிறன். அம்மா கேட்டா, என்ன எழுதியிருக்கிறார் எண்டு. "வெண்டிக்காய்க்குத் தேசிப்புளி விட்டவராம்" எண்டன். "நல்லதுதானே, சமைக்கிறார் போலை" எண்டு சந்தோசப்பட்டா. விட்டுட்டன்.

எனக்கும் ஒண்டு சொல்லவேணும். உங்களை ஏசிஏசி எழுதிப்போட்டு நான் நல்லவள் மாதிரி இருக்கேலாது.

போன கிழமை இரவு வேலைக்கு வெளிக்கிட்டனான். வயோதிபர் இல்லத்திலை இப்ப ஆள் காணாது, எந்த நாளும் என்னைத்தான் கூப்பிடுறாங்கள். சப்பாத்துப் போடேக்கை கயல் பின்னாலை வந்து கழுத்தைக் கட்டிப்பிடிச்சு, "அம்மா, போகாதை" எண்டாள். பெரியம்மா எண்டு சொல்லேல்லை. நான் திருத்தவேணும். திருத்தேல்லை. "ஓம் ராசாத்தி, கெதியா வந்திடுவன்" எண்டன். கார் கண்ணாடியிலை என்ரை முகத்தைப் பாக்க எனக்கே பயமாயிருந்தது. அவ்வளவு சந்தோசம் அதிலை.

உங்களுக்குத் தெரியாது, பிரெடெரிசியாவிலை இருந்து கஜதீபன் எண்டு ஒருத்தரை எனக்குக் கலியாணம் பேசி வந்தவை. நல்ல மனிசன். "பிள்ளையும் உங்களோடை வாறதோ?" எண்டு ஒருக்கால் கேட்டார், பிழையாக் கேக்கேல்லை. நான் பதில் சொல்லேல்லை. பதில் சொல்லாத ஆக்களிலை உங்களை மட்டும் நான் ஏசிக்கொண்டிருக்கிறன்.

பிள்ளையை வைச்சிருக்க எனக்கு விருப்பம். விருப்பம் எண்ட சொல் காணாது. இந்த ரண்டறை வீட்டிலை அம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், என்ரை வேலை ஒரு பக்கம், மூச்சு விடேலாமல் இருக்கு. அவளை எடுத்துக்கொண்டு போனியள் எண்டால் அந்த மூச்சும் நிண்டிடும் போலை இருக்கு.

அந்த வகுப்பிலை கடைசிநாள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு யூகி சுபான்ரை மெயிலுக்கும் போட்டிருக்கிறா. சித்திரை அஞ்சாந் திகதி. நான் கொண்டுவாறன். கேக்கிறியளோ இல்லையோ, ஒருக்கால் முகத்தைப் பாருங்கோ.

துவாரகா


எஸ்பியர்க்
07.04.2025

துவாரகாக்கா,

நீங்கள் இரவு வேலை முடிச்ச கையோடை ஓடி வந்து, பிள்ளையை வாசல்லை விட்டிட்டுக் காருக்குள்ளை நித்திரையாப் போனனீங்கள். பின்னேரம் அவளை ரண்டு பின்னலோடை கண்டிட்டு ஒண்டும் கேக்காமல் சீற் பெல்ற்றைப் போட்டு விட்டுட்டுப் போனியள். உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லவேணும்.

இந்தமுறை வெண்டிக்காய் அவிச்சது யூகி. என்னை அதுக்குக் கிட்ட விடேல்லை. சாத்தை வாளியிலை வடிச்சு வைச்சிருந்தாள். கயல் என்னோடை கதைக்கேல்லை, அந்தச் சுபாஜினி அட்டை இருந்த கதிரையிலை ஏறி இருந்து சுத்திப் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிப் போய் வாளிக்குள்ளை கையை விட்டாள். முழங்கை மட்டும். தூக்கிப் பாத்தாள், நூல்நூலா வடியுது. மணந்து பாத்தாள். டெனிஷிலை, எல்லாருக்கும் கேக்க, "இது அம்மான்ரை தலைச்சளி!" எண்டாள்.

யூகி என்னைப் பாத்தாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகு கயலே சொன்னாள்: நான் இல்லாத கிழமைகளிலை சுபா வெண்டிக்காய் அவிச்சு அந்தச் சாத்தை அவளின்ரை தலைக்குப் பூசித்தான் சிக்கெடுக்கிறவளாம். ஞாயிற்றுக்கிழமைகளிலை, குசினி மேசையிலை ஏத்தி வைச்சு. எனக்கு எப்பிடிக் கொழகொழப்பைப் போக்கிறது எண்டு சொல்லித் தந்தவள், மகளுக்கு அதையே எடுத்து வைச்சிருக்கிறாள். நான் வீட்டிலை நிண்ட கிழமைகள் மட்டும்தான் அந்த வீடு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

அவள் அந்தக் கையை அப்பிடியே தன்ரை தலையிலை தேய்க்கத் தொடங்கினாள். முகம், சட்டை எல்லாம் வடியுது. பிறீபன் தன்ரை பொக்கற் சீப்பை எடுத்து என்ரை கையிலை தந்தார். அந்தாளின்ரை தலையிலை மயிரே இல்லை, ஏன் சீப்பு வைச்சிருக்கிறாரோ தெரியாது. நான் அவளை மேசையிலை தூக்கி வைச்சன். நுனியிலை இருந்து தொடங்கவேணும் எண்டு அவள்தான் சொல்லித் தந்தாள். அவள் கத்தேல்லை அக்கா. ஒருக்கால் "ஆவ்" எண்டாள். ரண்டு மணித்தியாலம் போச்சுது. மற்றவை தங்கடை தொட்டியிலை வேலை செய்துகொண்டிருந்தினம்.

பிறகு யூகி முதல்நாள் அள்ளி நசுக்கி வைச்ச ஈரத்தாள்களை அவள் பிரிச்சாள். மூலையிலை நகத்தாலை கிளப்பி மெதுவா இழுக்க ஒவ்வொண்டா முழுசா வந்தது. ஒண்டும் கிழியேல்லை. ஒவ்வொருமுறையும் "அடுத்தது" எண்டாள்.

நான் அவளைப் பாத்தன். கேள்வி வாய்க்கு வந்தது. கேக்கேல்லை. அது அதுக்குரிய இடமில்லை.

உங்கடை கேள்விக்குப் பதில்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். கடல் வேலையை விடுறன் எண்டு சொல்லீட்டன். துறைமுகக் களஞ்சியத்திலை ஒரு இடம் இருக்கு, காலமை போய்ப் பின்னேரம் வாற வேலை. கோபுரத்தின்ரை உச்சியிலை நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு ஒரு வலியும் தெரியாமல் இருந்தது. அதை விடவேண்டி வந்திட்டுது. இனி ஒவ்வொரு நாளும் அந்த வீடு. மே முப்பத்தொராந் திகதி சனிக்கிழமை வாறன். கார் சீற் வாங்கீட்டன்.

இதை எழுதேக்கை உங்களிட்டை இருந்து எதை எடுக்கிறன் எண்டு எனக்குத் தெரியும்.

நிதர்சன்


ரண்டர்ஸ்
20.04.2025

நிதர்சன்,

சரி.

கெதியாப் பதில் தாங்கோ எண்டு நான்தான் கேட்டனான். தந்தாப்பிறகு ஏசேலாது. ரண்டு நாள் ஏசினன்தான், கடுதாசி இல்லாமல். அம்மா பாவம், முழுக்க அவவிலைதான் விழுந்தது.

கயல் பிரிச்ச தாள் ஒண்டிலைதான் இதை எழுதுறன். மை ஊறிப் பின்பக்கம் தெரியுது. நாலு தாள் கொண்டுவந்தாள், ஒண்டை எனக்குத் தந்தாள், மற்றதெல்லாம் தலையணைக்குக் கீழை.

பாலர் பள்ளியிலை வேண்டாமெண்டு சொல்லீட்டன். தலைக்கு இப்ப நானும் அந்தச் சாறுதான் பூசுறன், அவள் மேசையிலை இருந்து, "அப்பா இப்பிடி இழுக்கேல்லை" எண்டு எனக்குப் பிழை சொல்லுறாள். உங்களுக்கு நல்லா வேணும், இனி நீங்கள் அதைக் கேளுங்கோ.

நீங்கள் வாற சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிடுவன். பகல் வேலை கேட்டு வாங்கீட்டன். அம்மா பிள்ளையைத் தருவா. நான் வீட்டிலை நிண்டால் விடமாட்டன். அதாலைதான், கோவத்திலை இல்லை.

துவாரகா


எஸ்பியர்க்
12.06.2025

துவாரகாக்கா,

வீட்டை வந்து சேந்த பின்னேரம் அவள் சப்பாத்தோடை நேரா குசினிக்குள்ளை ஓடினாள். நான் வாசல்லை நிண்டன். நிலத்தைக் காட்டி, "இங்கைதான்" எண்டாள். இப்ப தமிழிலை சொன்னாள். இழுப்பறையைத் திறந்து துவாயளை எடுத்தாள். ஒண்டு, ரண்டு எண்டு எல்லாத்தையும் நிலத்திலை விரிச்சாள். "அம்மாக்குக் குளிர். நான் போர்த்தனான்."

உங்கடை வீட்டிலை பொம்மையளுக்குப் போட்ட துவாய் அதுதான் அக்கா.

நான் உள்ளுக்குப் போனன். அவளுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்தன். கேட்டன். "அம்மா ஏதும் சொன்னவாவோ?"

"இல்லை. அம்மா நித்திரை. நான் ஷ்ஷ் எண்டனான், அப்பா வரும் மட்டும்."

அவ்வளவுதான். ஒண்டும் சொல்லேல்லை. இவ்வளவு காலமும் நான் பயந்துகொண்டிருந்த கதவுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள், துவாயோடை.

"அப்பா வந்திட்டன்" எண்டன். அவள் துவாயளை மடிச்சு வைக்கச் சொன்னாள். மடிச்சன். தான் மடிக்கிற மாதிரி இல்லை எண்டு திரும்பவும் மடிக்க வைச்சாள்.

சந்தோசமா இருக்கிறன் எண்டு பொய் எழுதமாட்டன். விடியவும் குசினி, பின்னேரமும் குசினி. களஞ்சியத்திலை நட்டும் போல்ற்றும் எண்ணிக்கொண்டு நிக்கிறன், வெளியிலை மற்றவை கப்பலேறுறதைப் பாக்கிறன். சிலநாள் அவள் நித்திரையானாப்பிறகு வாசல் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறன். வெளியிலை போறதில்லை. போகேலாது. கேத்திலையும் மைக்ரோவேவையும் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைச்சிட்டன்.

எங்கடை சந்தியிலை இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழட்டீட்டாங்கள். இதைக் கடைக்குக் கொண்டுபோய்த்தான் போடவேணும். இனிப் போன் எடுத்தால் தூக்குவியளோ? ஓம் மட்டும் சொல்லமாட்டன்.

பின்னேரம் பாலர் பள்ளியிலை இருந்து கூட்டி வரேக்கை ரீச்சர் கேட்டா, "ரண்டர்ஸ் அம்மா எண்டு சொல்லுறாளே, அது ஆர்?" எண்டு. நானும் திருத்தேல்லை அக்கா.

அடுப்பிலை வெண்டிக்காய் அவியுது. தேசிக்காய் விடேல்லை. அவள் மேசையிலை ஏறியிருந்து சீப்பாலை தட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிரெடெரிசியாக்காரரும் வாறதெண்டால் வரட்டும், நான் அவரிட்டை ஒண்டும் கேக்கமாட்டன். உங்கடை தலைக்கும் பூசவேணுமாம், தான்தான் இழுப்பாளாம், நுனியிலை இருந்து.

நிதர்சன்